பாடசாலை நூலகரும் கட்டிளமைப் பருவ வாசகரும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நூலகங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கட்டடங்களையும் நூற்றொகைகளையும் கணக்கிட்டு அமைவர். ஆயின், தட்டில் எந்நூல் நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் யார் என்னும் வினாவே அவ்வரலாற்றின் உயிர்நிலை எனலாம். பாடசாலை நூலகத்தைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. அங்கு வருபவர் குழந்தையுமல்லர், முதிர்ந்தவருமல்லர். அவருக்காகத் தெரிவு செய்யும் உரிமையை நூலகர், ஆசிரியர், பெற்றோர், நிருவாக சபையினர் ஆகிய பலரும் கோருவர். இப்போட்டி வெளிப்படையாக நிகழ்ந்த களங்களுள் ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலைகள் குறிப்பிடத்தக்கன.

அமெரிக்க நூலகச் சங்கம் 1876ஆம் ஆண்டில் தோன்றியபோதிலும், பாடசாலை நூலகர் என்னும் தனித் தொழில் உருப்பெற மேலும் கால் நூற்றாண்டு சென்றது. 1900ஆம் ஆண்டில் புரூக்ளினிலுள்ள இராஸ்மஸ் ஹோல் உயர்நிலைப் பாடசாலையில் மேரி கிங்ஸ்பெரி நியமனம் பெற்றார். நூலகவியலில் முறையான பயிற்சி பெற்றுப் பாடசாலையிற் பணியேற்ற முதல்வராக அவரையே வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். சார்ள்ஸ் சேர்ட்டன் தலைமையிலான குழு வகுத்து, 1920இல் நூலகச் சங்கம் வெளியிட்ட நியமங்கள், நூலகம் பாடசாலையின் ஓர் இன்றியமையாத உறுப்பு என்னும் கொள்கையை நிலைநாட்டின.

இளைஞருக்கு எதனைக் கொடுப்பது என்ற கலை பொது நூலகங்களிலேயே முதலில் வளர்ந்தது. நியூயோர்க் பொது நூலகத்திற் பாடசாலைப் பணியைப் பொறுப்பேற்ற மேபல் வில்லியம்ஸ் காலத்தில், 1929 முதல், இளைஞருக்கான நூற்பட்டியல் ஆண்டுதோறும் வெளிவரலாயிற்று. பால்ற்றிமோர் நகரின் ஈனொக் பிராட் நூலகத்தில் 1932இற் சேர்ந்த மார்கரெட் எட்வேர்ட்ஸ், தம்மிடம் பயிற்சி பெற்ற உதவியாளர் முந்நூறு நூல்களைப் படிக்கவேண்டும் என விதித்தார். பத்துப் பத்து நூல்களாகப் படித்து முடித்ததும் அவரோடு அமர்ந்து கலந்துரையாடல் வேண்டும். தான் படியாத நூலை மற்றொருவர்க்குப் பரிந்துரைத்தல் தகாது என்பதே இப்பயிற்சியின் உட்பொருள். நூலகர் ஒன்றுகூடி நூல்களை விவாதிக்கும் மரபு பொழுதுபோக்கன்று. அது தொழிலறமாகவே கருதப்பட்டது.

இதற்கிடையில் நூல்களும் மாறின. 1942இல் வெளிவந்த மொரீன் டேலியின் 'பதினேழாவது கோடை' இளம் பெண்ணொருத்தியின் முதற் காதலைப் பேசியது. 1957இல் நூலகச் சங்கத்தினுள் இளைஞர் சேவைக்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. எஸ். ஈ. ஹின்ரன் தாம் பாடசாலை மாணவியாக இருந்தபோதே எழுதி 1967இல் வெளியிட்ட 'வெளியார்', வறிய இளைஞரின் வன்முறை வாழ்வைச் சித்திரித்தது. றொபேட் கோமியர் 1974இல் எழுதிய 'சொக்லற் யுத்தம்' நன்மை வெல்லாத முடிவைத் துணிந்து காட்டியது. 1965ஆம் ஆண்டின் ஆரம்ப, இடைநிலைக் கல்விச் சட்டம் பாடசாலை நூலக வளங்களுக்கெனக் கூட்டாட்சி நிதியை ஒதுக்கியமையால் தட்டுகளும் நிறைந்தன. நூல்கள் பெருகப் பெருக எதிர்ப்பும் பெருகியதில் வியப்பில்லை.

அவ்வெதிர்ப்பின் உச்சத்தை நியூயோர்க் மாநிலத்தின் ஐலன்ட் ட்ரீஸ் பாடசாலை மாவட்டத்திற் காணலாம். 1975ஆம் ஆண்டில் அதன் சபை உறுப்பினர் மூவர் பெற்றோர் அமைப்பொன்றின் மாநாட்டிற்குச் சென்று, ஆட்சேபத்துக்குரியவை எனப்பட்ட நூல்களின் பட்டியலோடு மீண்டனர். அவ்வாண்டு நவம்பரில் ஓரிரவு, உயர்நிலைப் பாடசாலை நூலகத்தின் பட்டியல் அட்டைகளைத் துருவி ஒன்பது நூல்களைக் கண்டனர். பிறவற்றோடு மொத்தம் பதினொன்றாயிற்று. றிச்சட் றைற்றின் 'கறுப்புச் சிறுவன்', கேர்ட் வொனகட்டின் 'ஐந்தாம் இலக்கக் கொலைக்களம்' ஆகியன அவற்றுட் சில. புலிற்சர் பரிசு பெற்ற இரு நாவல்களும் அவற்றுள் இருந்தன. பெற்றோர் நால்வரும் பாடசாலைப் பணியாளர் நால்வரும் கொண்ட குழுவொன்று அந்நூல்களைப் படித்து, ஐந்தினை இருத்துமாறும் இரண்டினை மாத்திரமே நீக்குமாறும் விதந்துரைத்தது. சபையோ ஒரு நூலை மாத்திரம் தடையின்றி மீள வைத்தது, மற்றொன்றைப் பெற்றோர் அனுமதிக்கு உட்படுத்தியது, ஒன்பதினை நீக்கியது.

1977 ஜனவரியில் ஸ்டீவன் பிக்கோ முதலிய ஐந்து மாணவர் வழக்குத் தொடுத்தனர். 1982 ஜூன் 25ஆம் நாள் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் மாணவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வகுப்பறைப் பாடத்திட்டம் வேறு. மாணவர் தாமே விரும்பி நுழையும் நூலகம் வேறு. நூலிலுள்ள கருத்துப் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக மாத்திரம் அதனைத் தட்டிலிருந்து அகற்றுதல் அரசியலமைப்பின் முதலாந் திருத்தத்துக்கு முரணானது என நீதியரசர் பிரெனன் விளக்கினார். எனினும், அவரது விளக்கத்தைப் பெரும்பான்மையோர் முழுமையாக ஏற்கவில்லை. பெற்றோராலும் குடிமக்களாலும் தெரிவு செய்யப்பட்ட சபைக்கே இவ்வதிகாரம் உரியது என்ற மாறுபட்ட தீர்ப்பாளரின் வாதமும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. வழக்கு மறுவிசாரணைக்குச் செல்லுமுன் சபை நூல்களை மீள வைக்கத் தீர்மானித்தது. ஆயினும், கொள்கைப் பிணக்குத் தீரவில்லை. 2025ஆம் ஆண்டில், ரெக்சாஸ் மாநிலப் பொது நூலகமொன்று பற்றிய வழக்கில், ஐந்தாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் நூல் நீக்கத்தை எதிர்க்கும் இத்தகைய உரிமையை வாசகர்க்கு மறுத்தது.

இவ்விடத்து ஒன்று சிந்திக்கற்பாலது. நீக்கப்பட்ட நூலுக்கு வழக்குண்டு. வாங்கப்படாத நூலுக்கு வழக்கில்லை. கலிபோர்னியப் பொது நூலகங்களிலும் பாடசாலை நூலகங்களிலும் ஆய்வு நடத்தி மார்ஜரி பிஸ்க் 1959இல் வெளியிட்ட முடிவுகள் இதனைத் தெளிவாக்கின. நூல் தெரிவிற் பங்குகொண்ட நூலகருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், சர்ச்சைக்குரியது என்பதனால் நூலொன்றை வாங்காது விட்டதுண்டு என ஒப்புக்கொண்டனர். அவர்களுட் பலர் கோழைகளல்லர், தனித்து நின்றவர்கள். இரவிற் பட்டியலோடு வருபவனை மாணவர் அறிவர். பகலிற் பேனாவை எடுத்துப் பின் கீழே வைத்துவிடும் நூலகரை எவரும் அறியார்.

எட்வேர்ட்ஸ் விதித்த முந்நூறு நூல்களின் பெறுமதி இங்கேதான் விளங்குகின்றது. பட்டியலை மாத்திரம் கண்டவர்க்கும் நூலை முழுவதும் படித்தவர்க்கும் இடையிலான வேறுபாடே ஐலன்ட் ட்ரீஸ் வரலாற்றின் சாரம். படித்து, சக நூலகரோடு வாதித்து, ஒரு முடிவுக்கு வந்த நூலகர் பெற்றோர் முன்னிலையில் தம் தெரிவுக்குக் காரணங் கூறவல்லார். படியாதவர்க்கு அச்சமே ஆலோசகன். சட்டம் நூலொன்றைத் தட்டுக்கு மீட்டுத் தரலாம். ஆயின், அதனை உரிய வேளையில் உரிய மாணவன் கையில் ஒப்படைக்க, அதனைப் படித்த ஒருவர் அங்கு இருத்தல் வேண்டும்.