எண்ணப்பட்டவர்களும் விடுபட்டவர்களும் - தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை வரலாறு

தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டால் விடை எளிது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 15,06,843 பேர். ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள். எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 68.54, தமிழக மாவட்டங்கள் அனைத்திலும் அப்போது இதுவே மிகக் குறைவு. நகரங்களில் வாழ்வோர் நூற்றுக்குப் பதினேழு பேர் மட்டுமே. இவ்வெண்களைப் படிப்போர் 'பின்தங்கிய மாவட்டம்' என்ற இரண்டு சொற்களில் முடித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவது வழக்கம். நாம் சற்று நின்று பார்ப்போம். ஓர் எண் பிறப்பதற்கு முன் யாரோ யாரையோ எண்ணியிருக்க வேண்டும். யார் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று கேட்டால்தான் இந்த மண்ணின் மக்கள்தொகை நமக்குப் பேசத் தொடங்கும்.

அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூரே இன்றைய தருமபுரி என்பதை இலக்கிய வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் சங்கப் பாடல்களுக்கு அப்பால், இந்நிலத்தின் சாதாரண மனிதர்களைப் பற்றிய மிகப் பழைய பதிவுகள் நடுகற்களே. தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்தில் அவை வரிசையாக நிற்கின்றன. அரூர் வட்டாரத்திலும் அண்டையிலுள்ள செங்கம் பகுதியிலும் கிடைத்த பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்களின் வாசகம் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எந்தத் தொறுப்பூசல், அதில் பட்டவன் பெயர் என்ன. ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ இறந்த ஒருவனைப் பற்றி ஓர் இறப்புப் பதிவேட்டுக்கு வேண்டிய செய்திகள் பெரும்பாலும் அக்கல்லில் உண்டு. ஆனால் அந்தப் பதிவேட்டில் இடம் பெற்றோர் பெரும்பாலும் போரிட்டு மடிந்த ஆண்களே. நோயிலோ பேறுகாலத்திலோ பசியிலோ இறந்தவர்களுக்குக் கல் இல்லை. எண்ணுவதற்கு ஒரு நோக்கம் இருந்தது. அந்நோக்கத்துக்குள் வராதவர்கள் விடுபட்டார்கள். இந்த இயல்பு பிற்காலத்திலும் மாறவில்லை.

தகடூர் ஓர் எல்லை நிலம். காவிரிக்கும் தென்பெண்ணைக்கும் இடையே, கன்னட மேட்டுநிலம் தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் வழியில் அது கிடக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கு ஆண்ட நுளம்பர்கள் கன்னடத்தில் கல்வெட்டுப் பொறித்தார்கள். பின்னர்ச் சோழர், போசளர், விசயநகரத்தார், மைசூர் அரசர் என ஆட்சிகள் மாறின. ஒவ்வொரு ஆட்சியோடும் உழவர்களும் மேய்ப்பர்களும் படைவீரர்களும் வணிகர்களும் வந்து குடியேறினார்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் இம்மாவட்டத்தின் வீடுகளில் வழங்குவது இந்த வரலாற்றின் விளைவே.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல், சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியாரின் கைக்கு வந்தன. நிருவாகத்துக்கு அனுப்பப்பட்டவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கிப் பணியாற்றினார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரானவர் இவரே. ரீட்டும் அவர் குழுவினரும் நிலத்தை வயல்வயலாக அளந்து, உழவன் ஒவ்வொருவனோடும் நேரடியாகத் தீர்வை பேச முனைந்தார்கள். இரயத்துவாரி முறையின் தொட்டில் இந்த மண்தான் எனலாம். அவர்கள் விட்டுச்சென்ற 'பாராமகால் ஆவணங்கள்' பின்னர் அச்சேறின. அவற்றில் குடிமக்களைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு பகுதி உண்டு. சாதிகளும் தொழில்களும் வழக்கங்களும் அதில் விரிவாகவே வருகின்றன. ஆயினும் அந்த அக்கறையின் வேர் வரிவசூலில் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. தீர்வை கட்டக்கூடியவன் பெயரோடு ஏட்டில் ஏறினான். அவன் நிலத்தில் கூலிக்கு உழைத்தவன் அவ்வாறு ஏறவில்லை.

சென்னை மாகாணம் முழுவதும் தலைகளை எண்ணும் முறையான கணக்கெடுப்பு 1871இல் நடந்தது. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. அம்மாவட்டத்தில் அவ்வாண்டு எண்ணப்பட்டோர் 19,66,995 பேர். பத்தாண்டு கழித்து 1881இல் மீண்டும் எண்ணியபோது அது 15,99,595 ஆகக் குறைந்திருந்தது. இடையில் நிகழ்ந்தது 1876-78 பெரும் பஞ்சம். மூன்று இலட்சத்து அறுபத்தேழாயிரம் பேர், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானோர், பட்டியலில் இல்லை. செத்தவர் பலர், ஊரைவிட்டுப் போனவரும் உண்டு, பிறக்காமலே போன குழந்தைகளும் உண்டு. 1891இல்கூட எண்ணிக்கை 1871ஆம் ஆண்டு அளவை எட்டவில்லை. மானாவாரிப் பயிரையும் ஏரியையும் நம்பிய வறண்ட நிலத்தில் மழை பொய்த்தால் மக்கள்தொகை எப்படிச் சரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நடுகல் பெறாத அத்தனை சாவுகளையும் நாம் இன்று அறிவது, இரு எண்களைக் கழித்துப் பார்ப்பதால் மட்டுமே.

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருட்டிணகிரி பிரிந்தது. 2001இல் 28,56,300 பேர் கொண்டிருந்த மாவட்டம், அதே கணக்கின்படி 12,95,182 பேர் கொண்டதாகச் சுருங்கியது. யாரும் வீட்டை விட்டு நகரவில்லை; கோடுதான் நகர்ந்தது. தெலுங்கும் கன்னடமும் மிகுந்த ஓசூர்ப் பகுதியும் அதன் தொழிற்சாலைகளும் கோட்டுக்கு அப்பால் போயின. எஞ்சிய தருமபுரி, ஏட்டளவில், முன்னைவிட ஊர்ப்புறமாகவும் முன்னைவிட ஏழையாகவும் தோன்றியது. புள்ளிவிவரங்களை ஆண்டுவாரியாக ஒப்பிடுவோர் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

இம்மாவட்ட மக்களில் பட்டியல் பழங்குடியினர் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல். மாநில அளவில் இது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவே. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளி இனத்தாரே இவர்களில் பெரும்பான்மையினர். பெயரைக் கண்டு கேரளத்தாரோ என மயங்கவேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது, இவர்கள் பேசுவது தமிழ். அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில் 1992 சூனில் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்த அரசுப் பணியாளர்கள் இம்மக்களுக்கு இழைத்த கொடுமையும், 18 பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளானதும், 2011இல் தருமபுரி நீதிமன்றமும் 2023இல் உயர்நீதிமன்றமும் அளித்த தீர்ப்புகளும் நாடறிந்தவை. கணக்கெடுப்பு அட்டவணையில் ஒரு சிறு விழுக்காடாக நிற்பவர்கள், நீதி கேட்ட வழக்கில் தனித்தனி மனிதர்களாக நின்று சாட்சி சொன்னார்கள்.

இனி நம்மை அதிகம் உறுத்தும் எண்ணுக்கு வருவோம். 2001ஆம் ஆண்டுக் கணக்கில், இன்றைய மாவட்ட எல்லைக்குள் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். இயற்கையின் போக்கில் இது 950 அளவில் இருந்திருக்கவேண்டும். ஆயிரத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சிறுமிகளைக் காணோம். பஞ்சம் இல்லை, போர் இல்லை. வரதட்சணை இதுவரை அவ்வழக்கம் இல்லாத சமூகங்களுக்கும் பரவியது. பிள்ளைகளின் எண்ணிக்கை சுருங்கியபோது அந்த ஓரிருவரில் ஒருவர் ஆணாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் இறுகியது. முதலில் பெண் சிசுக்கொலை, பின்னர் வயிற்றிலிருக்கும்போதே பால் கண்டறியும் கருவி. தொண்ணூறுகளில் ஷீலாராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைக் கொண்டே இச்சாவுகளை ஆராய்ந்து, சேலம், தருமபுரி, மதுரைப் பகுதிகளை இணைக்கும் ஒரு வளையத்தைக் காட்டினார்கள். ஏட்டில் 'சமூகக் காரணம்' என்ற இரு சொற்களுக்குள் ஒரு குழந்தையின் சாவு ஒளிந்திருந்தது.

மாற்றமும் வந்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிந்தது. கருவின் பாலறிதலைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. கூத்து வளர்ந்த இம்மண்ணில் கலைக்குழுக்கள் ஊர்ஊராகச் சென்று இதைப் பற்றி ஆடிப் பாடின. 2011இல் 826 என்பது 913 ஆயிற்று. ஒரே பத்தாண்டில் இது சிறிய ஏற்றமன்று. ஆனாலும் மாநிலத்தின் 943க்கு அது கீழேதான் இருந்தது.

2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாகக் கொண்டு, சாதிவாரியாகவும் எண்ணப்படும் என 2025 சூனில் அரசு அறிவித்தது. 2001இல் ஆறு வயதுக்குள் இருந்தவர்கள் அதில் இருபத்தாறும் முப்பதும் கடந்தவர்களாக வருவார்கள். பெண் கிடைக்கவில்லை என்று வெளியூர்களில் தேடுவதாக வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சுக்கு விடை அந்தப் பழைய அட்டவணையிலேயே இருக்கிறது. 1871க்கும் 1881க்கும் இடையே காணாமற்போனவர்களைப் பஞ்சத்தின்மேல் பழிபோட்டு நாம் கடந்துவந்தோம். இந்தச் சிறுமிகளை அப்படிக் கடந்துபோக வழியில்லை. அவர்களை எண்ணாமல் விட்டவர்கள் அரசு அலுவலர்களல்லர். அவர்கள் பிறக்கவேண்டிய, பிழைக்கவேண்டிய வீட்டாரே.