வருவோரை எண்ணாத நிதி: விருதுநகர் மாவட்ட உள்ளாட்சிகளும் நிலைத்த சுற்றுலாவும்

விருதுநகர் மாவட்டம் என்றதும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் ஆகியவையே நினைவுக்கு வரும். 2018 அக்டோபரில் பேரியம் கலந்த வெடிகளுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பட்டாசுத் தொழில் இப்படி நெருக்கடிக்கு உள்ளாகும்போதெல்லாம் சுற்றுலாவை மாற்றாக முன்வைப்பது எளிது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில், சதுரகிரி, இருக்கன்குடி, ரமணர் பிறந்த திருச்சுழி, 2022-இல் அகழாய்வு தொடங்கிய வெம்பக்கோட்டை என மாவட்டத்தில் இடங்களுக்குப் பஞ்சமில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை. வருவோரால் கிடைக்கும் பணம் ஒரு பக்கமும் அவர்களால் நேரும் செலவு மறுபக்கமும் போய்ச் சேர்வதே இங்குள்ள சிக்கல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அரசமைப்பின் பதினோராம் அட்டவணை ஊராட்சிகளுக்கு உரியவையாக 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. அவற்றில் சுற்றுலா இல்லை. ஆனால் குடிநீர், சுகாதாரம், சாலை, சந்தைகளும் திருவிழாக்களும் உள்ளன. அதாவது, சுற்றுலா பற்றிய முடிவு அரசுத் துறைகளின் கையில். அதன் சுமை ஊராட்சியின் தலையில். 15-ஆவது நிதிக் குழு 2021–26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என ஒதுக்கப்பட்டது. நோக்கம் சரியானதே. ஆனால் மாநிலங்களுக்கிடையே அந்த மானியத்தைப் பங்கிட்டபோது 2011 மக்கள்தொகைக்கு 90 விழுக்காடும் பரப்பளவுக்கு 10 விழுக்காடும் மதிப்பளிக்கப்பட்டது. குடியிருப்போர் எண்ணப்பட்டனர், வந்துபோவோர் எண்ணப்படவில்லை.

இப்படி வருவோரை எண்ணாததன் விளைவை இருக்கன்குடியில் காணலாம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சூழ்ந்த இவ்வூரின் மாரியம்மன் கோயிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளியன்று தென்மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மொட்டை போட்டு, பொங்கல் வைத்து, கிடா வெட்டி, மர நிழலில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். உண்டியல் வருவாய் கோயில் கணக்கில் சேர்கிறது. எச்சில் இலையும் நெகிழிக் குவளையும் அடுப்புக் கரியும் ஆற்றங்கரையில் கிடக்கின்றன. கோயில் நிர்வாகம் தன் எல்லைக்குள் துப்புரவு செய்தாலும், அதற்கு வெளியே சாலையோரத்தைக் கூட்டும் பொறுப்பு ஊராட்சியின் தூய்மைக் காவலர்களுடையது. அவர்களது எண்ணிக்கையோ ஊரில் குடியிருப்போரை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

சதுரகிரியில் சிக்கல் இன்னும் கூடுகிறது. அடிவாரமான தாணிப்பாறை விருதுநகர் மாவட்டத்திலும், மலைக்கோயில் மதுரை மாவட்ட எல்லையிலும் உள்ளன. மலைப்பாதை 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் செல்கிறது. 2015 மே மாதத் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தனர். அதன்பின் பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷ நாள்களையொட்டி மட்டுமே மலையேற அனுமதி இருந்தது. காட்டைக் காக்க நாள்களைக் குறைத்தபோது கூட்டம் அந்தச் சில நாள்களில் குவிந்தது. அடிவாரத்தின் குடிநீரும் கழிப்பறையும் திணறின. ஆக, வனத்துறையின் முடிவுக்கும் ஊராட்சி ஒன்றியத்தின் செலவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்துத் திட்டமிடும் ஏற்பாடுதான் இல்லை.

பக்தர்களிடம் கட்டணம் வாங்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அது வருவோரை எண்ணுவதற்கு நல்ல முன்மாதிரி. ஆனால் நேர்த்திக்கடன் செலுத்த வரும் கூலித் தொழிலாளியின் தலைக்கு வரி போடுவது அறமும் ஆகாது, நடைமுறைக்கும் ஒத்துவராது. கேரளத்தின் ‘டெஸ்டினேஷன் சேலஞ்ச்’ திட்டம் வேறு வழி காட்டுகிறது. அங்கே உள்ளாட்சி இடத்தைத் தேர்ந்து திட்டம் வகுக்கிறது. சுற்றுலாத் துறை 60 விழுக்காடு வரை, 50 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு தருகிறது. மீதியை உள்ளாட்சி போடுகிறது. பணத்தோடு முடிவெடுக்கும் உரிமையும் கீழே வருகிறது என்பதே இதன் சிறப்பு.

பட்டாசு நகரான சிவகாசியைக் கோயில் ஊர்களின் அளவுகோலால் அளக்க முடியாது. வெடிபொருள் விதிகளுக்கு உட்பட்ட பட்டாசு ஆலை வேடிக்கை பார்க்கும் இடமல்ல; விபத்துகளில் தொடர்ந்து உயிர்கள் போகும் மண்ணில் ‘பட்டாசுச் சுற்றுலா’ என்பது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் தீபாவளிக்கு முன் கடைகளை நாடி வெளியூர் வாகனங்கள் வரிசைகட்டுவது உண்மை. சிவகாசியையும் திருத்தங்கலையும் இணைத்து 2021-இல் உருவான மாநகராட்சி, அந்தப் பருவத்துக்கான வாகன நிறுத்தம், கழிப்பறை, தீயணைப்பு வழி ஆகியவற்றைத் தன் ஆண்டுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

மூன்று மாற்றங்கள் தேவை. முதலாவதாக, அரசமைப்பு வகுத்த மாவட்டத் திட்டக் குழு, கோயில், வனம், உள்ளாட்சி மூன்றையும் ஒரே திட்டத்தில் இணைக்க வேண்டும். இரண்டாவதாக, மாநில நிதிக் குழு தன் பங்கீட்டில் வந்துபோவோர் எண்ணிக்கையையும் ஓர் அளவுகோலாக்க வேண்டும். மூன்றாவதாக, பக்தர் வசதிக்கான கோயில் செலவு ஊராட்சியுடன் எழுத்துப்பூர்வ உடன்பாட்டின்படி நடக்க வேண்டும். ஆனால் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊரில் எத்திட்டமும் துறைத் திட்டமாகவே முடியும். உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துவதே நிலைத்த சுற்றுலாவுக்கான முதல் முதலீடு.