குதிரை இலாயத்திற் பிறந்த விஞ்ஞானம்

இயந்திர ஊர்திகள் பெருகாத காலத்தில் ஒரு பேரரசின் வலிமையை அதன் குதிரைகளைக் கொண்டே மதிப்பிட்டனர். படைக்கும் தபாலுக்கும் உழவுக்கும் குதிரையை நம்பியிருந்த ரஷ்யாவில் உயர்ந்த இனப் பொலிகுதிரைகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று ஒரு பருவத்தில் இயல்பாகச் சினைப்படுத்தவல்ல பெட்டைகளும் 20 அல்லது 30 மாத்திரமே. இந்த எல்லையைத் தகர்த்தவர் இலியா இவானொவிச் இவானொவ் என்னும் உயிரியலறிஞர்.

1870ஆம் ஆண்டிற் பிறந்த இவர், கார்க்கொவ் பல்கலைக்கழகத்தில் 1896ஆம் ஆண்டு பட்டம் பெற்று, பின்னர் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். செயற்கை முறைச் சினைப்படுத்தல் அன்று முற்றிலும் புதியதன்று. இத்தாலியப் பாதிரியாரான ஸ்பல்லன்சானி 1780ஆம் ஆண்டளவிலேயே ஒரு பெண் நாயை இம்முறையாற் சினைப்படுத்தி, மூன்று குட்டிகள் பிறக்கக் கண்டார். ஆயினும் அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது பெரும்பாலும் அறிஞர்களின் வியப்புக்குரிய செய்தியாகவே இருந்தது. பண்ணைக்காரனின் கைக்கு வந்து சேரவில்லை.

இவானொவ் எழுப்பிய கேள்வி எளியது. விந்திலே உயிரணுக்கள் உண்டு; அவற்றைச் சுமந்துவரும் நீர்மமும் உண்டு. கருத்தரிப்புக்கு இரண்டும் இன்றியமையாதனவா? விதையை ஒட்டிய குழலிலிருந்து உயிரணுக்களை மாத்திரம் எடுத்து, தாம் ஆயத்தஞ் செய்த கரைசலிற் கலந்து பெண் விலங்கினுட் செலுத்தினார். அது சினைப்பட்டது. இயற்கை நீர்மம் இன்றியும் கரு உண்டாகும் என்பது தெளிவாயிற்று. சிறு செய்தி போலத் தோன்றும் இம்முடிவின் மேலேதான், விந்தைக் கரைசலிற் கலந்து பெருக்குதல், குளிர்வித்துக் காத்தல், தொலைவுக்கு அனுப்புதல் ஆகிய பிற்காலத் தொழில் முழுவதும் எழுந்து நிற்கின்றது.

அவர் கையாண்ட கருவிகளோ மிக எளியவை. தூய்மையாக்கிய கடற்பஞ்சை ஒரு பெட்டையின் பிறப்புறுப்பினுள் வைத்து, பொலிகுதிரை இணைந்தபின் அதனை எடுத்துப் பிழிந்து, கிடைத்த விந்தைக் குழாய்மூலம் வேறு பல பெட்டைகளுக்குச் செலுத்தினார். 1901ஆம் ஆண்டு இதற்கென ஒரு நிலையத்தை நிறுவினார். ஒரே பொலிகுதிரையைக் கொண்டு 500 பெட்டைகள் வரை சினைப்படுத்தலாம் என்று காட்டினார். இப்படிப் பிறக்கும் குட்டிகள் நலிந்தவையாகவே இருக்கும் எனப் பலர் அஞ்சினர். அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, வளர்ந்த குட்டிகளையே சான்றாக நிறுத்தினார். மிருக வைத்தியர்களையும் இத்தொழிலிற் பழக்கினார். 1907ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நீண்ட ஆய்வுரை பிறநாட்டு அறிஞரின் கருத்தையும் ஈர்த்தது.

இத்தகைய மனிதரை உலகம் எதற்காக நினைவில் வைத்திருக்கின்றது? வரிக்குதிரையையும் கழுதையையும் இணைத்துக் கலப்பினம் கண்ட அவர், மனிதனையும் வாலில்லாக் குரங்கையும் கலக்க முடியுமா எனவும் முயன்றார். 1926ஆம் ஆண்டு மேற்கு ஆபிரிக்காவின் கினி நாட்டுக்குச் சென்று, மறு ஆண்டில் மூன்று பெண் சிம்பன்சிகளிடம் பரிசோதனை நடத்தினார். ஒன்றும் சினைப்படவில்லை. அதனோடு நில்லாது, மருத்துவமனையிலிருந்த ஆபிரிக்கப் பெண்களை, அவர்களுக்கே தெரியாமல் இச்சோதனைக்கு உட்படுத்தவும் எண்ணினார். பிரெஞ்சு ஆளுநர் இணங்கவில்லை. அறிவு வேட்கை எனக் கூறி இதனை மூடிமறைத்தல் தகாது. ஆனால் குரங்குமனிதப் படையொன்றை ஆக்குமாறு ஸ்டாலின் கட்டளையிட்டார் என்று இன்றும் உலவும் கதைக்கு ஆவணச் சான்று எதுவும் இல்லை. வம்புக் கதைக்கு வரலாற்றைவிடக் கால்கள் அதிகம் போலும்!

1930ஆம் ஆண்டின் இறுதியில் அரசியற் குற்றச்சாட்டின்பேரிற் கைதாகிய இவானொவ், அல்மா ஆட்டாவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1932ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி அங்கேயே காலமானார். அவருக்கான இரங்கலுரையை எழுதியவர் உடலியற் பேரறிஞர் பவ்லொவ்.

நான்கு ஆண்டுகளின் பின், 1936இல், டென்மார்க்கின் சம்சோ தீவிற் பாற்பண்ணையாளர்கள் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்து, ரஷ்யரின் முறையைத் தம் பசுக்களுக்குக் கையாண்டனர். 1939இல் மைசூர் அரண்மனைப் பாற்பண்ணையிற் சம்பத் குமாரன் அதனை இந்தியாவில் தொடக்கினார். பின்னர் உலகெங்கும் கறவைப் பசுக்களிடையே அது பொதுவழக்காயிற்று. விந்தை என்னவெனில், பந்தயங்களில் ஓடும் தரோபிறெட் குதிரையினத்தின் பதிவேடுகள் மாத்திரம், இயல்பான இணைவிற் பிறவாத குட்டியை இன்றளவும் ஏற்பதில்லை.