செத்துப்போன 919 பேரின் சொத்துப் பட்டியல்

1774-ல, அதாவது அமெரிக்கா சுதந்திரம் அறிவிக்க ரெண்டு வருஷம் முன்னாடி, அந்த 13 காலனிகளில் இருந்தவங்ககிட்ட எவ்வளவு சொத்து இருந்தது? நாடு முழுக்க எடுத்த முதல் சென்சஸே 1790-லதான். அப்போ டேட்டாவுக்கு எங்கே போறது?

ஆலிஸ் ஹான்சன் ஜோன்ஸ் கோர்ட் ஆவணங்களுக்குப் போனாங்க. அந்தக் காலத்துல ஒருத்தர் இறந்துட்டா, விவரம் தெரிஞ்ச ரெண்டு மூணு பேர் வீட்டுக்கு வந்து கட்டில், சட்டி, பசுமாடுன்னு ஒவ்வொண்ணா எழுதி விலை போடுவாங்க. அப்படி 919 பட்டியல்கள். எல்லாம் கையெழுத்து.

இதை அப்படியே கூட்டி வகுத்தா விடை வந்துடுமா? வராது. இறந்தவங்கன்னா வயசானவங்கதான் அதிகம், வயசானவங்ககிட்ட சொத்தும் அதிகம். ஏழைகள் பலருக்குப் பட்டியலே போடலை. நியூ இங்கிலாந்தைத் தாண்டினா பட்டியலில் பெரும்பாலும் நிலமே இருக்காது. இதையெல்லாம் ஒவ்வொண்ணா சரிக்கட்டித்தான் 1980-ல அவங்க புத்தகம் வந்தது. டேட்டா கிளீனிங்னு நாம புலம்புறதெல்லாம் இதுக்கு முன்னாடி சும்மா.

அந்தப் பட்டியல்கள்ல மாட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவுல மனுஷங்களும் இருக்காங்க. பேர், பக்கத்துல விலை. ஜோன்ஸ் கணக்குப்படி நிலம், பொருள் எல்லாம் சேர்ந்த மொத்தச் சொத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அடிமைகளோட 'மதிப்பு'. தெற்குக் காலனிகளில் மூணில் ஒரு பங்கு. அடிமைமுறை அந்தப் பொருளாதாரத்துல ஏதோ ஓரமா நடந்த விஷயம்னு இதுக்கப்புறம் யாரும் சொல்ல முடியாது.

சரி, இந்த மாதிரி வேலைக்கு யார் காசு கொடுப்பாங்க? பிலடெல்பியாவில் லைப்ரரி கம்பெனின்னு ஒண்ணு இருக்கு. 1731-ல பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் சந்தா போட்டு ஆரம்பிச்சது. ஆரம்பக்கால அமெரிக்கப் பொருளாதாரத்துக்குன்னே 1999-ல அங்கே ஒரு தனி ஆய்வுத் திட்டம் தொடங்கினாங்க. முனைவர் பட்டம் முடிச்சவங்களுக்கும், ஆய்வேட்டை எழுதிக்கிட்டு இருக்கிறவங்களுக்கும், கொஞ்ச நாள் வந்து படிச்சுட்டுப் போறவங்களுக்கும் உதவித்தொகை உண்டு.

ஆய்வு உதவின்னதும் நமக்கு லேப், மெஷின்தான் ஞாபகம் வரும். இங்கே காசு போறது வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான். ஒருத்தர் வேற கவலை இல்லாம உட்கார்ந்து, மங்கிப்போன மையில் எழுதின ஒரு வியாபாரியோட கணக்குப் புத்தகத்தைப் பக்கம் பக்கமா படிக்கணும். சர்க்கரை எங்கிருந்து வந்தது, யார் யாருக்குக் கடன் பாக்கி, அந்த வரியில் இருக்கிற பேர் வேலையாளா அடிமையா? இதெல்லாம் ஒரு வாரத்துல முடியுற வேலை இல்லை.