பதிவேட்டைக் காப்பவர் யார்? இந்தியச் சுகாதாரத் தகவல் பணியின் 150 ஆண்டுகள்

பொதுச் சுகாதாரமும் கணினியியலும் ஒருங்கே பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சுகாதாரத் துறையிலும் அரசுத் தகவல் தொழில்நுட்பத்திலும் உயர்நிலைப் பணியிடங்களை எங்கே தேடுவது?" தேசியச் சுகாதார ஆணையத்தின் இணையதளம், சி-டாக், தேசியத் தகவலியல் மையம், 1976 முதல் வெளிவரும் 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வார இதழ் என்று நான்கைந்து பெயர்களைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் விடையின் போதாமை எனக்கே புலப்பட்டது. மருத்துவராக விரும்புவோருக்கு ஒரு தேர்வு உண்டு. ஆட்சிப் பணியை விரும்புவோருக்கும் ஒரு தேர்வு உண்டு. 140 கோடி மக்களின் நலத் தகவலை ஆளும் பணிக்கு மட்டும் ஏன் ஒரு வாயில் இல்லை? இக்கேள்விக்கு விடை காண ஒன்றரை நூற்றாண்டு பின்னே செல்ல வேண்டியிருக்கிறது.

1. எண்ணும் மருத்துவர்

1857 எழுச்சிக்குப் பின், இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையின் உடல்நலத்தை ஆராய 1859-இல் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. 1863-இல் வெளியான அதன் அறிக்கையின் பின்னணியில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் உழைப்பு இருந்தது. அதன் விளைவாக 1864-இல் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் தோன்றின. நோயைத் தீர்ப்பதைக் காட்டிலும் நோயை எண்ணுவதே அவற்றின் தலையாய பணியாக அமைந்தது. இந்திய அரசமைப்பில் 'சுகாதாரத் தகவல் அதிகாரி' என்று சொல்லத்தக்க முதல் உயர்பதவி இதுவே.

அப்பதவியில் இருந்தவர்களுள் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் குறிப்பிடத்தக்கவர். 1871 நவம்பரில் நடந்த சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையைத் தொகுத்தவரும் அவரே. மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்களின் கணக்கும், மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவும் ஒரே மருத்துவரின் பார்வையில் இருந்தன. அதன் பயன் பஞ்சக் காலத்தில் வெளிப்பட்டது. 1877-இல் வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு ஈடான தொகையும் அதற்கு மேல் ஒரு சிறு காசும் போதும் என்று விதித்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று கார்னிஷ் வெளிப்படையாக மறுத்தார். கூலி பின்னர் ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எண்ணற்றோர் மாண்டிருந்தனர்.

கார்னிஷை வீரராக்குவது என் நோக்கமன்று. அவரும் பேரரசின் ஊழியரே. இருப்பினும், மேலிடத்தின் கணக்கு தவறென்று அவரால் எழுத முடிந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எண்கள் அவர் கையில் இருந்தன. அவருடைய பணி, ஒரு கருத்து வேற்றுமையால் பறிபோகாத நிலையான பணியாக இருந்தது. இவ்விரண்டும் பின்னாளில் என்ன ஆயின என்பதே இக்கட்டுரையின் மையம்.

அந்த நிலையான பணிக்குள் நுழையும் வாயில் எவருக்குத் திறந்திருந்தது என்பதையும் மறக்கலாகாது. இந்திய மருத்துவப் பணிக்கான போட்டித் தேர்வு 1855-இல் லண்டனில் தொடங்கியது. அவ்வாண்டே சூர்ஜோ குமார் சக்கரவர்த்தி அதில் தேறி, அப்பணியில் சேர்ந்த முதல் இந்தியரானார். அதன்பின் நெடுங்காலம் கடல்கடந்து சென்று எழுத இயன்ற மிகச் சிலருக்கே அது எட்டியது. கீழே, எண்களை உண்மையில் திரட்டியோர் வட இந்தியாவில் சௌக்கிதார்களும், சென்னை மாகாணத்தில் கிராம முன்சீப்களும். மேலே பெயருள்ள மருத்துவர், கீழே பெயரற்ற பதிவாளர் என்ற அடுக்கு அன்றே உருவாகிவிட்டது.

2. நலத்துறையிலிருந்து உள்துறைக்கு

1946-இல் வெளியான போர் குழுவின் அறிக்கை சுதந்திர இந்தியாவின் சுகாதார அமைப்புக்கு வரைபடம் தந்தது. உயிர்நிலைப் புள்ளிவிவரங்கள் சீராக இல்லாமல் திட்டமிடல் இயலாது என்பதை அக்குழு உணர்ந்திருந்தது. விடுதலைக்குப் பின் இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் உருவாயிற்று. 1960-இல், அதுவரை சுகாதார அமைச்சகத்தின் கீழிருந்த உயிர்நிலைப் புள்ளிவிவரப் பொறுப்பு, உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள அந்த அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. 1969-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மாதிரிப் பதிவு முறை நாடு முழுவதும் விரிவடைந்தது.

ஆட்சி நோக்கில் இம்மாற்றத்துக்கு நியாயம் உண்டு. கணக்கெடுப்பும் பதிவும் ஒரே கூரையின் கீழ் வந்தன. புள்ளியியலாளர்களுக்கென ஒரு தொழில்முறைத் தளமும் கிடைத்தது. ஆயினும் விலையொன்றும் இருந்தது. நோயைக் கையாளும் துறையிடம் இறப்பின் கணக்கு இல்லாமற்போயிற்று. சுகாதாரத் துறை தன் திட்டங்களுக்குரிய எண்களைத் தனியே திரட்டத் தொடங்கியது. கிராமச் செவிலியர் ஒருவர் குடும்பநலம், தடுப்பூசி, பேறுகாலம், மலேரியா எனப் பல பதிவேடுகளைச் சுமக்கும் நிலை இவ்வாறு உருவானதுதான்.

3. இயந்திரத்தின் வருகை

கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1950-களின் நடுவில் நாட்டின் முதல் மின்னணுக் கணினியை நிறுவியது. மின்னணுத் துறை 1970-இலும், பராமரிப்புப் பணிக்கான சி.எம்.சி. நிறுவனம் 1975-இலும், தேசியத் தகவலியல் மையம் 1976-இலும் தோன்றின. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பைச் சி.எம்.சி. ஏற்றது. 1980-களின் நடுவில் தில்லியில் தொடங்கிய கணினிவழி இரயில் முன்பதிவும் அதன் ஆக்கமே. பொதுத்துறையில் திறமை இல்லை என்று இன்று எளிதாகச் சொல்வோர் இக்காலத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

என். சேஷகிரியின் தலைமையில் வளர்ந்த தேசியத் தகவலியல் மையம், 1980-களின் பிற்பகுதியில் மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியே இணைத்தது. அங்கே 'விஞ்ஞானி-பி' முதல் 'விஞ்ஞானி-ஜி' வரை முறையான பணிப்படிகள் உள்ளன. ஆனால் அது எல்லாத் துறைகளுக்கும் பொதுவான அமைப்பு. இன்று நிலப்பதிவு, நாளை கருவூலம், மறுநாள் மருத்துவமனை என்று பணி மாறும். சுகாதாரத் தகவலியல் என்னும் தனிப்புலம் அதற்குள் ஒரு பணித்தொகுதியாக வடிவம் பெறவில்லை.

2006-இல் ஏற்கப்பட்ட தேசிய மின்னாளுகைத் திட்டத்தில் 27 இலக்குத் திட்டங்கள் இருந்தன. அந்த முதற்பட்டியலில் சுகாதாரம் இல்லை. 2011-இல், கல்வி, பொது விநியோகம், அஞ்சல் ஆகியவற்றோடு சேர்த்த பின்னரே பட்டியல் 31 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் சுகாதார அமைச்சகம் தன் வழியே நடந்தது. 2005-இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம், 2008-இல் சுகாதார மேலாண்மைத் தகவல் வலைத்தளம், 2009-இல் தாய் சேய் கண்காணிப்பு முறை ஆகியவை வந்தன. இவற்றை இயக்க ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவைப்பட்டனர். தரவு உள்ளீட்டாளர் முதல் மாநில ஆலோசகர் வரை பெரும்பாலோர் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்டனர்.

4. அறிவிப்பின் வரலாறு

பணியிடம் இருப்பது ஒன்று. அது இருப்பதை அறிவது வேறொன்று. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1945-இல் தொடங்கிய வேலைவாய்ப்பு அலுவலகங்கள், பின்னர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம் 1959-இல் வந்தது. ஆனால் பதவி உயர்வாலும், தேர்வாணையம் போன்ற சுதந்திர அமைப்பின் தேர்வாலும் நிரப்பப்படும் இடங்கள் அதற்குள் அடங்கா. ஆகவே உயர்நிலைப் பணியிடங்கள் அந்த வரிசைக்கு வரவே இல்லை. அவை அயற்பணிச் சுற்றறிக்கை வழியே, முன்னரே அரசுக்குள் இருந்தவர்களிடையே சுழன்றன. 1996-இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, நாளிதழ்களிலும் விளம்பரம் வேண்டும் என்று கூறியது. அறியும் உரிமை வேலை தேடும் உரிமையின் ஒரு பகுதி என்பதை நம் சட்டம் அப்போதுதான் தெளிவாகக் கண்டது.

2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கின் தீர்ப்பு வந்தது. முறையான அறிவிப்பும் போட்டியும் இன்றி நியமிக்கப்பட்டவர்கள் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று அரசியல் சாசன அமர்வு கூறியது. பத்தாண்டுகளுக்கு மேல் அனுமதிக்கப்பட்ட இடங்களில் பணியாற்றியோருக்கு மட்டும் ஒருமுறைச் சலுகை தரப்பட்டது. புறவாசல் நியமனங்களைத் தடுப்பதே தீர்ப்பின் நோக்கம். ஆனால் அதே காலத்தில் சுகாதார இயக்கம் ஒப்பந்தப் பணியிடங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்த விளைவு, பல்லாண்டு அனுபவமுள்ள தரவு ஊழியர் ஒருவர் மூத்த பணிக்கு ஏறிச் செல்லப் படிக்கட்டே இல்லை என்பதாகும்.

மேல்தளத்திலோ வேறொரு வழி திறந்தது. 2009-இல் நந்தன் நிலகேணி அமைச்சர் தகுதியோடு ஆதார் ஆணையத்தின் தலைவரானார். 2018-இல் இணைச் செயலாளர் நிலையில் பத்து இடங்களுக்குப் பக்கவாட்டு நுழைவு அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கு வந்த அறிவிப்பு, இடஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்புக்குப் பின் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஒற்றைப் பணியிடத்துக்கு இடஒதுக்கீடு பொருந்தாது என்பது அரசுத் தரப்பு முன்வைத்து வந்த வாதம். அக்கோட்பாட்டை 1998-இல் உறுதி செய்த வழக்கு, சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனம் தொடர்பானது. ஒரு பணித்தொகுதியாக வளர வேண்டியதைத் தனித்தனி ஒற்றை இடங்களாகச் சிதறவிட்டால் சமூகநீதிக்கும் அங்கே இடமில்லாமற்போகிறது என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

5. ஊசியின் கணக்கும் இறப்பின் கணக்கும்

2019-இல் தேசியச் சுகாதார ஆணையமும், 2021-இல் ஆயுஷ்மான் பாரத் எண்ணிமத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. 2021 ஜனவரியில் தொடங்கிய கோவின் தளம், 2022 ஜூலைக்குள் 200 கோடி தவணை தடுப்பூசிகளைப் பதிவு செய்தது. இது எளிய சாதனையன்று. வெளியிலிருந்து வந்த வல்லுநர்களும் அரசுக்குள் இருந்த பொறியாளர்களும் கூடிச் செய்த வேலை அது. பக்கவாட்டு நுழைவை முற்றிலும் மறுப்போர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆனால் அதே பெருந்தொற்றின் மறுபக்கத்தைப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு அறிக்கை 2025 மே மாதத்தில்தான் வெளியாயிற்று. 2020-இல் சுமார் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள், 2021-இல் ஒரு கோடியே 2 லட்சமாக உயர்ந்திருந்ததை அது காட்டியது. செலுத்திய ஊசியை உடனுக்குடன் எண்ண முடிந்த நாட்டில், இறந்தோரின் ஆண்டுக் கணக்கு வெளிவர நான்காண்டுகள் ஆயின. இரண்டும் வெவ்வேறு அமைச்சகங்களின் வெவ்வேறு இயந்திரங்கள் என்பது உண்மை. அந்தப் பிரிவினைக்கும் ஒரு தேதி உண்டு என்பதைத்தான் மேலே கண்டோம். இடைப்பட்ட காலத்தில் உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீட்டுக்கும் இந்திய அரசின் எண்ணுக்கும் இடையே பெரும் விவாதம் நடந்தது. அவ்விவாதத்தில் அரசுக்குள்ளிருந்து, கார்னிஷைப் போலத் தன் பெயரில், தன் பதவியில் நின்று பேசத்தக்க சுகாதாரத் தகவல் அதிகாரி என்று எவரையும் சுட்ட முடியவில்லை. அது தனிமனிதர்களின் துணிவின்மை என்று நான் கருதவில்லை. அப்படியொரு பதவியையே நாம் உருவாக்கவில்லை.

பணிப் பாதுகாப்பு மட்டுமே வாய்மையைத் தந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. நிரந்தரப் பணியில் இருந்துகொண்டு மௌனம் காத்தவர்களும் வரலாறு நெடுகிலும் உண்டு. ஆனால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவரிடம், மேலிடத்தின் எண் தவறென்று எழுதும் துணிவை எதிர்பார்ப்பது நியாயமன்று.

அம்மாணவருக்கு நான் இப்போது சொல்ல விரும்புவது இதுதான். அறிவிப்புகளைத் தேடுங்கள். ஆணையத்தின் விளம்பரங்கள், அயற்பணிச் சுற்றறிக்கைகள், அரசு நிறுவனங்கள் முகமை வழியே ஆள் எடுக்கும் ஒப்பந்தங்கள் அனைத்தையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றைக் கவனியுங்கள்: பணியின் காலம் எவ்வளவு, அதற்கு அடுத்த படி என்ன, எண்களின் மீது கையொப்பமிடும் அதிகாரம் யாருக்கு. ஆய்வாளர்களாகிய நமக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. மருத்துவப் பணிக்கும் ஆட்சிப் பணிக்கும் விரிவான வரலாறுகள் எழுதப்பட்டுள்ளன. சௌக்கிதாரிலிருந்து ஒப்பந்தத் தரவு உள்ளீட்டாளர் வரை நீளும் இந்தப் பதிவாளர்களின் வரலாறு, மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும் பணிநீக்க ஆணைகளிலும் சிதறிக் கிடக்கிறது. அதைத் தொகுக்க முன்வரும் மாணவர் எவரேனும் இருப்பின், உடன் பணியாற்ற ஆவலாக இருக்கிறேன்.