பேர் வெட்டின பாத்திரம்

காரைக்குடி மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் கொண்டு போற நாள்ல, மூட்டையை இறக்கிக் கணக்கை முடிச்சதும் நானும் எங்க வீட்டுலயும் நேரா ஊர் திரும்ப மாட்டோம். வண்டி தன்னால முனீஸ்வரன் கோவில் தெரு பக்கம் திரும்பிடும். டவுன்ல இருக்கிற நீங்க சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் போவீங்கள்ல, எங்களுக்கு அந்தத் தெருதான் எல்லாம்.

போனவங்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் பழைய சாமான் கடை. பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, மங்கு ஜாடி, சுவர்க் கடிகாரம், கண்ணாடி போட்ட சாமி படம், யாரோட தாத்தாவோ கோட்டு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற போட்டோ. முன்னால அடுக்கி வச்சிருக்கிறது கார்ல வர்றவங்களுக்கு. நாங்க போறது கடைக்குப் பின்னால, மூடி இல்லாததும் கைப்பிடி போனதுமா குவிஞ்சு கிடக்கிற இடத்துக்கு. எங்க கையிருப்பு இருநூறு ரூபாய், மிஞ்சிப் போனா முந்நூறு. கடைக்கார பாய் எங்களைப் பார்த்ததும், "வாங்கக்கா, உங்க குப்பை பத்திரமா இருக்கு"ன்னு சிரிப்பார்.

அப்படிப் பொறுக்கினது வீட்டுல நிறைய இருக்கு. நீலக் கரை போட்ட எனாமல் தூக்கு ஒண்ணு, அடியில சுவீடன்னு இங்கிலீஷ்ல முத்திரை. அதுலதான் எனக்கு வயக்காட்டுக்குக் கஞ்சி வருது. ஒத்தை ஜன்னல் கதவு ஒண்ணு வாங்கினேன், பர்மா தேக்கு. ஜோடி இல்லாததால யாரும் சீண்டல. அதை அறுத்து விதைப் பெட்டி செஞ்சேன். நான் ஆசாரி இல்லை, மூலை கொஞ்சம் கோணல்தான். ஆனா இத்தனை வருஷத்துல அதுல கரையான் வாய் வைக்கல.

"இவ்வளவு சாமானும் எப்படிப்பா இந்தத் தெருவுக்கு வந்துச்சு?"ன்னு என் மக ஒருநாள் கேட்டா. சட்டுன்னு பதில் சொல்ல முடியல. அப்புறம் பெரியவங்ககிட்ட கேட்டும், லைப்ரரியில படிச்சும் நான் புரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதுறேன்.

எங்க பக்கத்துல எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள்ல நகரத்தார் வீடுகள் இருக்கு. அந்தச் செட்டியார்கள் நூறு நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால பர்மா, மலாயா, இலங்கைன்னு போய் வட்டிக்கடை நடத்தினாங்க. பெரிய வரவு பர்மாவுலேருந்து. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்தப்புறம் பர்மா அரிசிக்கு வெளிநாட்டுல கிராக்கி கூடுச்சு. அங்க உள்ள சம்சாரி காட்டைத் திருத்தி நெல்லு போட முதல் வேணும். அந்த முதல் செட்டியார் கடையிலேருந்து போச்சு. வந்த லாபத்துல இங்க வீடு எழும்புச்சு. தேக்கு பர்மாவுலேருந்து, பளிங்குக் கல்லு இத்தாலியிலேருந்து, எனாமல் சாமான் ஐரோப்பாவுலேருந்து கப்பல்ல வந்துச்சு. பொண்ணு பொறந்தா அன்னையிலேருந்தே சீருக்குச் சாமான் சேர்க்க ஆரம்பிச்சிடுவாங்க. கல்யாணத்துக்குக் கொடுத்ததுல பாதி அறையை விட்டு வெளியவே வராது. இன்னைக்கும் சில எனாமல் தூக்கு கீறல் இல்லாமப் புதுசா இருக்கிறது அதனாலதான்.

1930-ல உலகம் முழுக்க மந்தம். நெல்லு விலை விழுந்துச்சு. பர்மா சம்சாரியால கடனைக் கட்ட முடியல. பணத்துக்குப் பதிலா நிலம் வந்துச்சு. அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள, கீழ் பர்மாவோட முக்கியமான நெல் மாவட்டங்கள்ல நாலுல ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பேர்ல இருந்துச்சுன்னு படிச்சேன். வட்டிக்கடைக்காரருக்கு நிலம் வேண்டியதில்லை, பணம்தான் வேணும். வேண்டாத நிலம் அவர் தலையில விழுந்துச்சு. நான் விவசாயி. அதனால நான் நினைக்கிறது இன்னொருத்தனை. அந்த நிலத்தைத் திருத்தி, நட்டு, கடைசியில கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போனான் பாருங்க, அந்தப் பர்மாக்காரனை. அவன் வீட்டுப் பானை சட்டி எந்த ஊர்ச் சந்தையில வித்துச்சோ.

1941 டிசம்பர் 23 அன்னைக்கு ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டான். லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பல்லயும், மலையும் காடுமா நடந்தும் திரும்பினாங்க. வழியில செத்தவங்க ஆயிரக்கணக்குல. 1948-ல பர்மா சுதந்திரம் வாங்கினதும் நிலத்தை அரசாங்கம் எடுக்கச் சட்டம் வந்துச்சு. 1962-ல ராணுவ ஆட்சி. அடுத்த ரெண்டு வருஷத்துல கடைகளும் அரசாங்கத்துக்குப் போச்சு. அப்ப திரும்பி வந்தவங்களாலதான் சென்னையில உங்க பர்மா பஜாரே வந்துச்சு.

இங்க வரவு நின்னுச்சு, வீடு மட்டும் நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஒரே வீட்டுக்கு நாலு தலைமுறையில இருபது முப்பது பங்காளி. ஓடு மாத்தவே லட்சக்கணக்குல வேணும். முதல்ல பாத்திரம் வித்துச்சு, அப்புறம் படம், கடைசியில தூணும் நிலையும். எல்லா வீடும் இப்படின்னு சொல்ல மாட்டேன். இன்னும் நல்லா வச்சிருக்கிறவங்க இருக்காங்க. ஆனா அந்தத் தெரு நிறைஞ்சது இப்படித்தான்.

செட்டியார் வீட்டுச் சாமான் மட்டும்தான் அங்க இருக்குன்னு நினைச்சிடாதீங்க. எங்களை மாதிரி வீட்டுச் சாமானும் கிடக்கு. ஒருநாள் பின்னால ஒரு படி கிடைச்சுச்சு. 1956-ல மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்து, கொஞ்சம் கொஞ்சமா லிட்டரும் கிலோவும் வந்தப்புறம் படிக்கும் மரக்காலுக்கும் கடையில வேலை போயிடுச்சு. களத்துல மட்டும் ரொம்ப நாள் இருந்துச்சு. எங்கப்பா நெல்லு அளக்கையில முதல் படியை ஒண்ணுன்னு சொல்ல மாட்டார், "லாபம்"னுதான் ஆரம்பிப்பார். அந்தப் படியை எடுத்துக்கிட்டு வந்து இப்ப வீட்டுக்கு அரிசி அளக்கிறோம். எங்க வீட்டுலயும் முதல் படிக்கு லாபம்னுதான் சொல்றா.

இன்னொரு நாள் வாசல்லயே ஒரு கூனை. கமலை இறைக்கிற இரும்புக் கூனை, அதுல செடி வச்சு விட்டிருந்தாங்க. எனக்கு நெஞ்சுல அடிச்ச மாதிரி ஆச்சு. 1990-ல விவசாயிகள் எல்லாருக்கும் கரண்ட் இலவசம்னு அறிவிச்சாங்க. மறு வருஷம் நாங்க மோட்டார் போட்டோம். எனக்கு அப்ப இருபது வயசு சொச்சம். கூனையையும் கமலை உருளையையும் பழைய இரும்புக்காரன்கிட்ட எடைக்குப் போட்டது நான்தான். எங்கப்பா ஒரு வார்த்தை பேசல. திண்ணையில உட்கார்ந்து தராசையே பார்த்துக்கிட்டு இருந்தார். வாசல்ல கிடந்த கூனைக்கு பாய் சொன்ன விலை, நான் அன்னைக்கு வித்த விலையைப் போல எத்தனையோ மடங்கு. வாங்கல. தொட்டுப் பார்த்துட்டு வந்துட்டேன்.

எங்க வீட்டுல கண்டுபிடிச்சதுலயே பெருசு ஒரு பிஞ்ச கொட்டான். பனை ஓலையில பின்னி, விளிம்புல பாசிமணி கோத்தது. அந்தக் காலத்துல ஆச்சிகளே உட்கார்ந்து பின்னுவாங்க. கல்யாணத்துக்குப் பலகாரம் வைக்கவும் சீர் கொடுக்கவும் அதுதான். பிளாஸ்டிக் வந்து அதை ஒழிச்சுச்சு. இவ அந்தக் கொட்டானை ஒரு ராத்திரி முழுக்க ஒவ்வொரு இழையாப் பிரிச்சா. "பிரிச்சாத்தாங்க பின்னத் தெரியும்"னா. குருத்தோலையைக் காய வச்சு, நார் நாராக் கிழிச்சு, தண்ணியில நனைச்சுப் பின்னணும். முதல் நாலு கொட்டான் ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு. அஞ்சாவது நிமிர்ந்து உட்கார்ந்துச்சு. எங்க வரப்புல இருக்கிற பனையை வெட்டச் சொல்லிச் செங்கல் சூளைக்காரன் வருஷா வருஷம் கேட்டு வருவான். இப்ப அவன்கிட்ட பதில் சொல்றது இவதான்.

இவ்வளவும் சந்தோஷமாத்தான் எழுதுறேன். ஆனா நாங்க அந்தத் தெருவுக்குப் போக ஆரம்பிச்ச கதை வேற.

2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போச்சு. 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அறிவிச்சாங்க. எங்க கண்மாய்ல ஆடு மேஞ்சுச்சு. மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். கேட்ட இடத்துலயெல்லாம் வட்டி. இவ உள்ள போய், அவங்க அம்மா சீராக் கொடுத்த பித்தளை அண்டாவைத் தூக்கிட்டு வந்து திண்ணையில வச்சா. கழுத்துல அவங்க அம்மா பேரும் இவ பேரும் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். எடைக்குப் போட்டோம். வரும்போது நானும் பேசல, அவளும் பேசல. எங்கப்பா தராசைப் பார்த்தது அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

மறு வருஷம் கொஞ்சம் மழை பேஞ்சு கை நிமிர்ந்ததும், "அந்தத் தெருவுல ஒரு எட்டு பார்ப்போமா?"ன்னா. அப்ப ஆரம்பிச்சது. இப்பவும் எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் இவ கை முதல்ல அண்டா கழுத்துக்குத்தான் போகும். உருக்கியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதைச் சொல்லிக்கிறதில்லை. தேடப் போன இடத்துலதான் தூக்கும் படியும் கொட்டானும் கிடைச்சுச்சு.

போன மாசம் அதே அளவுல ஒரு அண்டா இருந்துச்சு. இவ கழுத்தைத் தடவினா. வேற யாரோ ஒரு பொம்பளை பேரு. பாய் பார்த்துட்டு, "வேணும்னா எடுத்துக்கங்கக்கா, பேரைத் தேய்ச்சு அழிச்சுத் தர்றேன். ரிசார்ட்டுக்காரங்க அப்படித்தான் கேட்கிறாங்க"ன்னார்.

"அழிக்காதீங்க பாய். அந்தம்மா தேடி வந்தா எப்படிக் கண்டுபிடிப்பா?"ன்னா இவ.

நீங்க அந்தப் பக்கம் வந்தா வாங்குங்க, வேண்டாம்னு சொல்லல. வாங்கினதைப் புழங்குங்க. கழுத்துல இருக்கிற பேரை மட்டும் ஒரு தடவை வாசிச்சுட்டு, அப்படியே விட்டுடுங்க.