பெருமந்தமும் கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லும்

1930-களின் பெருமந்தத்தில் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பணம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு, கிறிஸ்டோபர் பேக்கர் 1984-இல் வெளியிட்ட நூல் தந்த விடையே இன்றும் வழக்கில் உள்ளது. விளைபொருள் விலை சரிந்தது. வட்டிக்கு விட்டவர்கள் கையை இறுக்கினார்கள். நிலத்தைச் சுற்றிப் புரண்ட முதல் நகரங்களுக்குப் பெயர்ந்து தொழிலில் இறங்கிற்று. ஆற்றுப்படுகை, சமவெளி, கொங்குநாடு என்று அவர் வகுத்த மூன்று நிலப்பிரிவுகளில் கொங்குநாட்டுக்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் பெருகிய நூற்பாலைகள் அதற்குப் போதிய சான்று.

சமவெளிக்கும் அதை நீட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பெரம்பலூர், உடையார்பாளையம் வட்டங்கள் மானாவாரி நிலம். இந்த வட்டாரத்தின் விளிம்பில், கல்லக்குடியில், 1939-இல் டால்மியா சிமெண்ட் ஆலை எழுந்தது. அதில் இறங்கியது உள்ளூர் வட்டிப்பணம் அன்று, வடநாட்டுத் தொழில்முதல்.

பேக்கரின் வாதத்துக்கு வேண்டிய முதற்படி, கடன் கொடுத்தவர் பணத்தை மீட்டு வெளியேறியிருக்க வேண்டும் என்பது. இங்கே 1938-ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி முழுவதையும் அது தள்ளுபடி செய்கிறது. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. 1932-க்குப் பிந்திய கடன்களுக்கோ ஐந்து விழுக்காட்டு வட்டிக் கணக்கு. ஐந்து ஆண்டுக்கும் மேற்பட்ட பழங்கடனுக்கென்று இப்படித் தனிப்பிரிவு வகுக்க வேண்டியிருந்தது என்றால், பணம் பெயர்ந்துபோகாமல் பத்திரங்களிலேயே உறைந்து கிடந்தது என்றுதான் நான் கொள்கிறேன். சட்டம் மாகாணம் முழுவதற்குமானது. இரண்டு வட்டங்களின் நிலையை அதைக்கொண்டு மட்டும் நிறுவிவிட முடியாது என்பது உண்மை. ஆனால் வெளியேற்றத்தைக் கூறுவோர் இந்தப் பிரிவுக்கு விளக்கம் சொல்லியே ஆக வேண்டும்.

அப்படியானால் ஆலை ஏன் அங்கே, ஏன் அப்போது? அங்குள்ள சுண்ணாம்புக்கல் புதிதன்று. கேயும் கன்லிஃபும் 1840-களிலேயே இப்பகுதித் தொல்லுயிர் எச்சங்களைத் திரட்டினர். 1860-களில் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், அரியலூர் பெயர்களாலேயே பாறைத் தொகுதிகளை வகுத்தார். முக்கால் நூற்றாண்டு அந்தச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகவில்லை. 1920-களின் பிற்பகுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியே திருச்சிக்குக் குறுக்கு ரயில்பாதை வந்த பிறகே அது சென்னைச் சந்தைக்கு எட்டும் பொருளாயிற்று.

மீதியைச் சந்தைப் போட்டி தீர்மானித்தது. மந்தத்தில் விலை போட்டியில் தாழாதிருக்க, 1936-இல் பல சிமெண்ட் நிறுவனங்கள் ஏசிசி என ஒன்றாயின. அதற்குள் அடங்காத டால்மியா நாட்டின் பல முனைகளில் ஆலைகளை எழுப்பி, விலையைக் குறைத்து எதிர்த்து நின்றது. தெற்கே ஏசிசியிடம் கோவை அருகே மதுக்கரை ஆலை இருந்தது. சென்னையை நோக்கிக் கல்லக்குடி அதைவிட வெகு அருகில். நெருக்கடிக் காலத்தில் ஒருவர் இணைந்தும் மற்றவர் பிரிந்தும் வகுத்த இரண்டு திட்டங்கள் நேருக்கு நேர் மோதியதன் விளைவே இந்த ஆலை என்று கருதுகிறேன். கிராமத்து முதல் நகரத்துக்கு ஓடிய கதை இதில் இல்லை.

கல்லக்குடியைத் தேர்ந்த முடிவு எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பது என் வாதத்துக்கு முக்கியம். ஏசிசி இணைப்புக்கு முன்பே அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று ஓர் ஆவணம் காட்டுமானால் போட்டியைப் பற்றிய பகுதி தளரும். ரயில்பாதையைப் பற்றியது அப்போதும் நிற்கும்.